"எங்களுக்கு என்ன ஆயிருச்சு?"

அண்மையில் ஒரு தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில், பத்தாம் தரம் படிக்கும் பையன் ஒருவனின் பையில் கஞ்சாப் பொட்டலம் இருந்த விடயம் பேசப்பட்டது. மூத்த தொழிலாளி ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாங்களும் இழுத்தவங்கதான். எங்களுக்கு என்ன ஆயிருச்சு?"

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் தொடங்கியது முப்பது வயதுக்குப் பிறகு. பையனுக்குப் பதினைந்து.

மூளை ஏறத்தாழ 25 வயதுவரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. ஆசையை அடக்கவும் நாளைய விளைவை இன்றே எண்ணிப் பார்க்கவும் உதவும் முன்மூளைதான் கடைசியில் முதிர்கிறது. நரம்பு இணைப்புகளில் எதை வைப்பது, எதைக் கழிப்பது என்ற ஒழுங்கு நடப்பது இந்த வயதில்தான். அதற்கு உதவ, கஞ்சாவின் சரக்கைப் போன்ற ஒன்றை மூளை தானே அளவாகச் சுரக்கிறது. வெளியிலிருந்து கஞ்சா போனால் அதே இடங்களில் அளவின்றி ஒட்டி அந்த வேலையைக் குழப்புகிறது. மலையில் நிற்பவர்களுக்கு இது புரியும்: முற்றிய தேயிலையைக் கவ்வாத்து வெட்டினாலும் துளிர்க்கும், இளங்கன்றில் கத்தி தப்பாகப் பட்டால் செடியின் வாட்டமே மாறிவிடும்.

சுவீடனில் இராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்ட 45,000க்கும் அதிகமான இளைஞர்களை 15 ஆண்டுகள் கவனித்து 1987இல் ஓர் ஆய்வு வெளியானது. 18 வயதுக்குள் 50 தடவைக்கு மேல் கஞ்சா பாவித்தவர்களிடம் மனச்சிதைவு நோய், பாவிக்காதவர்களைவிட 6 மடங்கு காணப்பட்டது. வேறு காரணங்களைக் கழித்தபோது அந்த அளவு குறைந்தது, இல்லாமற் போகவில்லை. பாவிக்கும் எல்லாப் பிள்ளைக்கும் நோய் வரும் என்று நாம் பயமுறுத்தவில்லை. குடும்பத்தில் மனநோய் இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். பெரியவர்களுக்கும் பாதிப்பு உண்டு, அடிமையாவதும் உண்டு. ஆயினும் வளர்ந்து முடிந்த மூளைக்கு இழப்பு குறைவு.

மருந்து என்ற பெயரில் விற்கப்படும் மதனமோதக உருண்டையிலும் கஞ்சா சேர்கிறது. மிட்டாய்தானே என்று விடாதீர்கள்.

அன்று சிலர் பையனைப் பொலிசில் கொடுக்கச் சொன்னார்கள். நாம் உடன்படவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைக்கு அந்தப் பொட்டலம் இன்னும் கிட்டத்தில்தான் கிடைக்கும். கொடுத்தவனை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பிடிப்பது நியாயமுமில்லை. விற்பவர் யாரென்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். தலைவர்மார் அதைத் துணிந்து பேச வேண்டும். பிள்ளையைப் பற்றி ஆலோசனை கேட்க 1927க்கு அழைக்கலாம். பெரியவர்கள் பிள்ளைகள் முன்னால் பற்றவைப்பதையும், வாங்கிவர அவர்களை அனுப்புவதையும் இன்றோடு நிறுத்த வேண்டும்.

பையன் இப்போது பள்ளிக்கு வருகிறான். அடுத்த வருடம் அவனுக்குச் சாதாரண தரப் பரீட்சை.