பினாங்கு–சென்னை: வானம் குறுகியது, விசா குறுகவில்லை

ஜார்ச்டவுன் – பாயான் லெப்பாஸிலிருந்து சென்னைக்கு வான்வழியே ஏறக்குறைய 2,370 கிலோமீட்டர். 2024 டிசம்பர் 21-இல் இண்டிகோ நேரடிச் சேவையைத் தொடங்கும்வரை நிபோங் திபால், கூலிம் வட்டாரத் தோட்டத்து மக்கள் பலர் பஸ் ஏறி, ஐந்து மணி நேரம் தெற்கே கோலாலம்பூர் போய்த்தான் வடமேற்கே பறந்தார்கள்.

இப்போது சுமார் நான்கு மணி நேரம். இந்திய நேரம் இரண்டரை மணி பின்தங்கியிருப்பதால் போகும்போது கடிகாரத்தில் ஒன்றரை மணிதான் நகரும், திரும்பும்போது ஆறரை! ராஜூலா கப்பலில் ஒரு வாரம் கிடந்து வந்த பாட்டன்மார் கேட்டால் நம்பமாட்டார்கள்.

ஆனால், ஊரிலிருந்து துக்கச் செய்தி வந்தால்? இந்தியர்கள் 2023 டிசம்பர் முதல் விசா இல்லாமல் 30 நாள் இங்கு வந்து தங்கலாம். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவரோ இ-விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். அடக்கத்துக்குக் கிளம்பியவர், கருமாதிக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிது.