வெட்டிய அரளித் தழையை என்ன செய்வது?



நாஞ்சில் நாட்டில் அரளி இல்லாத ஊர் அரிது. தோவாளைப் பூச்சந்தைக்கு அது மூட்டை மூட்டையாக வந்து சேருகின்றது. ஆலய முற்றங்களிலும் வேலியோரங்களிலும் ஆண்டு முழுவதும் பசுமையாய் நிற்கின்றது. வெயிலுக்கு வாடாது, ஆடு மாடு கடிக்காது என்பதற்காகவே பலரும் அதனை விரும்பி நடுகின்றனர்.

கவாத்து செய்யாத அரளி நெடுநெடுவென வளர்ந்து, அடி மொட்டையாகி, உச்சியில் மட்டும் பூக்கும். பூக்கும் வேகம் தணிந்தபின், அடைமழையில்லாத நாளொன்றில் அதனை வெட்டுதல் நன்று. அரளியில் ஒவ்வொரு கணுவிலும் பெரும்பாலும் மூன்று இலைகள் இருக்கும். கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் இரண்டு மூன்று தளிர்கள் கிளம்பும். அவற்றின் நுனியிலேதான் புதுப் பூக்கள் தோன்றும். முதிர்ந்த தண்டுகளை ஒரே ஆண்டில் மொட்டையடிக்காமல், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக அடியோடு நீக்கலாம்.

ஆயினும், வெட்டுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. 2024 மே மாதத்தில், கேரளத்தின் பத்தனம்திட்டை மாவட்டத்தில், வெட்டிப் போட்ட அரளித் தழையைத் தின்ற பசுவும் கன்றும் மாண்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அதே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டும் தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தியது.

நின்ற செடியைக் கசப்பினால் ஒதுக்கும் மாடு, புல்லோடு கலந்த தழையை ஒதுக்கத் தெரியாமல் தின்றுவிடுகின்றது. அரளியின் வேர் முதல் பூ வரை இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு; தழை காய்ந்த பின்னும் அது நீங்குவதில்லை.

ஆதலின் வெட்டிய தழையை உடனே கூட்டியள்ளி ஆழக் குழியில் புதையுங்கள். தொழுவத்தருகிலோ குளத்தருகிலோ எறிய வேண்டாம். எரிக்கவும் வேண்டாம், புகையும் தீங்கு செய்யும். அரளிக் குச்சியைப் பல் குத்தவோ, அடுப்பெரிக்கவோ எடுக்கலாகாது. வேலை முடிந்ததும் கைகளையும் வெட்டுக்கத்தியையும் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

குழந்தை தெரியாமல் இலையைக் கடித்துவிட்டால் கைவைத்தியம் பார்த்துக் காலங்கடத்தாமல், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள வேறு மருத்துவமனைக்கோ உடனே கொண்டு செல்லுங்கள். கடித்த இலையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

அரளியை வெறுத்து வேரோடு பிடுங்கச் சொல்லவில்லை நாம். வெட்டுக்கத்தியை இறவாணத்தில் செருகுமுன், தழை முழுவதும் குழிக்குள் போயிற்றா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.