வீவக வீட்டில் பூனை: முதலில் சன்னலுக்கு வலை

சிங்கப்பூரில் பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் குடியிருக்கிறார்கள். அந்த வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் தடை இருந்தது. தடை இருந்த காலத்திலும் பூனைகள் இருக்கத்தான் செய்தன. வாசல் மணி அடித்ததும் பூனையைத் தூக்கி அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தியவர்கள் எத்தனையோ பேர். 2024 செப்டம்பர் 1 அன்று அந்த ஒளிவுமறைவுக்கு முடிவு வந்தது. இப்போது ஒரு வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமம் எடுக்க வேண்டும், நுண்சில்லு பொருத்த வேண்டும், பொறுப்புடன் வளர்ப்பது குறித்த இலவச இணையப் பாடத்தை முடிக்க வேண்டும். இதற்கெல்லாம் 2026 ஆகஸ்ட் 31 வரை மாற்றக் காலமும் தரப்பட்டது.

குடியிருப்பு வட்டாரங்களில் பூனைகளைப் பராமரித்துவரும் தொண்டூழியர்களின் இந்த அமைப்பு, அந்தத் தடை நீக்கத்தை முழுமனத்துடன் ஆதரிக்கிறது. அடுக்குமாடி வீட்டில் பூனையோடு வாழ்வது மனிதருக்கு நல்லது, பூனைக்கும் நல்லது என்பதே அமைப்பின் நிலைப்பாடு. ஒரு நிபந்தனையில் மட்டும் அமைப்பு விட்டுக்கொடுக்காது: வலை போடாத வீட்டுக்குப் பூனை போகக் கூடாது.

நன்மை எங்கே தெரிகிறது என்றால், தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளில்தான் முதலில் தெரிகிறது. பிள்ளைகள் வாரத்துக்கு ஒருமுறை வருவார்கள். மற்ற நாள்களில் தொலைக்காட்சி மட்டுமே பேசும். அங்கே ஒரு பூனை வந்தால் விடியற்காலையில் கட்டிலில் ஏறி, முன்னங்கால்களால் போர்வையை மாற்றி மாற்றிப் பிசைந்து, எழுந்திருக்கும்வரை விடாது. கிண்ணத்தில் தீனி போட வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும், மணல்தட்டை அள்ள வேண்டும். இப்படி எழுவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. நாயைப்போல் நாளுக்கு இருமுறை மின்தூக்கியில் கீழே இறக்கி நடத்த வேண்டியதும் இல்லை. முழங்கால் வலி உள்ளவருக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆய்வுகளும் இருக்கின்றன. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், பத்து நிமிடம் பூனைகளையும் நாய்களையும் தடவிக்கொடுத்தவர்களின் உமிழ்நீரில் கார்ட்டிசோல் என்ற மனஅழுத்தச் சுரப்பு குறைந்திருந்தது. அமெரிக்காவில் 4,435 பேரின் தரவுகளை வைத்து 2009-இல் வந்த மற்றோர் ஆய்வு, பூனை வளர்த்தவர்களிடையே மாரடைப்பு மரணம் குறைவாக இருந்ததாகக் கூறியது. இதைப் பூனை தந்த பலன் என்று சொல்லிவிட முடியாது. பூனை வளர்ப்பவர்கள் இயல்பிலேயே நிதானமானவர்களாக இருந்திருக்கலாம். இந்த அமைப்பு பூனையை மருந்தாகப் பரிந்துரைக்கவில்லை, துணையாகப் பரிந்துரைக்கிறது.

தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்களை அலட்சியப்படுத்தவும் கூடாது. பூனையை வீட்டுக்குள் நிறுத்திவைப்பது கடினம், பொது இடங்களில் ரோமம் உதிர்க்கும், அசுத்தம் செய்யும், இரவில் கத்தும் என்றார்கள். தாழ்வாரத்தில் சிறுநீர் நாற்றத்தைச் சகித்துக்கொண்ட அண்டைவீட்டாருக்கு அதில் உண்மை இருப்பது தெரியும். ஆனால் அந்தத் தொல்லையில் பெரும்பகுதி கருத்தடை செய்யாத பூனைகளால் வருவது. கருத்தடை செய்தால் இணைதேடும் அலறலும் சுவரில் பீய்ச்சும் பழக்கமும் வெகுவாக அடங்கும். 2012 அக்டோபரில் சோங் பாங் வட்டாரத்தில் தொடங்கிய முன்னோட்டத் திட்டமே, விதிகளோடு பூனை வளர்க்க முடியுமா என்று வீவக வீடுகளில் பார்த்தது. கருத்தடையை வளர்ப்பவரின் முதல் கடமையாக இந்த அமைப்பு கருதுகிறது.

இனி வலை. பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் நான்கு காலில் நின்றுவிடும் என்ற நம்பிக்கை பல பூனைகளைக் கொன்றிருக்கிறது. நியூயார்க்கின் விலங்கு மருத்துவமனை ஒன்றுக்கு 1984-இல் ஐந்தே மாதங்களில் உயரத்திலிருந்து விழுந்த 132 பூனைகள் கொண்டுவரப்பட்டன. அவற்றில் 90 விழுக்காடு பிழைத்தன என்பதைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நெஞ்சில் அடிபட்டு, தாடை உடைந்து பிழைத்தவையும் அந்தக் கணக்கில் உண்டு. விழுந்த இடத்திலேயே இறந்து, மருத்துவமனைக்கே வராதவை அதில் இல்லை.

வீவக வீட்டின் சமையலறைச் சன்னலைப் பாருங்கள். துணி காயப்போடும் மூங்கில் கழி வெளியே நீண்டிருக்கும், அதன் நுனியில் ஒரு மைனா வந்து உட்காரும். பூனைக்கு அந்த ஒரு நொடி போதும். பிளாஸ்டிக் பூசிய கம்பிவலையைச் சன்னல் கம்பிகளோடு சேர்த்துக் கட்டுவது அரைநாள் வேலை. வாசல் கம்பிக்கதவின் அடிப்பகுதிக்கும் வலை வேண்டும், குட்டிகள் அந்த இடைவெளியில் நுழைந்துவிடும். வலை கட்டிய பிறகு, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பூனையை இறக்க வேண்டும்.

கர்ப்பிணிகள் பூனையைத் துரத்திவிட வேண்டியதில்லை. அவர்கள் அஞ்சும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வெளியானாலும், தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். தினமும் மணல்தட்டை வேறொருவர் சுத்தம் செய்து, பூனைக்குப் பச்சை இறைச்சி தராமல் இருந்தால் ஆபத்து மிகக் குறைவு. ஒவ்வாமைதான் உண்மையான தடை. அதற்குக் காரணமான புரதம் பூனையின் உமிழ்நீரிலும் தோலிலும் இருக்கிறது. ஆகவே ரோமம் குறைந்த இனம் வாங்கினால் தீர்ந்தது என்று நம்ப வேண்டாம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். காய்ச்சல் என்று நினைத்துப் பூனைக்குப் பாரசிட்டமால் கொடுப்பவர்களும் உண்டு. ஒரு மாத்திரையே அதன் உயிரைக் குடித்துவிடும்.

முதியவருக்குப் பூனை கொடுக்கத் தயங்குகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அவர் மருத்துவமனையில் சேர்ந்தால் பூனையை யார் பார்ப்பது? நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் மறுப்பதில் இல்லை. மாற்றுப் பராமரிப்பாளர் ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் பூனை வருவதற்கு முன்பே எழுதப்பட்டு, வாசல் கதவின் உட்புறம் ஒட்டப்பட வேண்டும் என்று இந்த அமைப்பு கோருகிறது. உறவினர் யாரும் இல்லையென்றால், தொண்டூழியர்களே அண்டைவீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பார்கள்.