பாலைவனத் தேளும் கண்ணாடிப் பெட்டியும்

தேளைக் கண்டதும் செருப்பைத் தேடுவதுதான் உலக வழக்கம். ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதைக் காசு கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கும் மனிதர்களும் இருக்கிறார்கள். இது என்ன பைத்தியம் என்று சிலர் கேட்கலாம். கிளியைக் கூண்டில் அடைப்பது பைத்தியம் இல்லையென்றால் இதுவும் இல்லை. வாங்கி வந்த ஜந்துவை உயிரோடு காப்பாற்ற இவர்களுக்குத் தெரியுமா என்பதே கேள்வி. பலருக்குத் தெரியவில்லை என்று சொல்லத்தான் வேண்டும்.

அரிஸோனாவின் ரோமத் தேளை எடுத்துக்கொள்வோம். ஈவிங் என்ற விஞ்ஞானி 1928-ல் 'ஹட்ரூரஸ் அரிஸோனென்ஸிஸ்' என்று பெயர் சூட்டிய ஜாதி இது. ஸொனோரா, மொஹாவே பாலைவனங்கள் இதன் தாயகம். சுமார் 14 சென்டிமீட்டர் வரை வளரும். வட அமெரிக்கத் தேள்களில் இதுவே பெரியது. கொட்டினால் தேனீ கொட்டியதுபோல் வலிக்கும். ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் அஞ்ச வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்கக் காட்டில் வாழும் கறுப்பு ராட்சதத் தேளுக்கு ஈர மண் வேண்டும். அதை வளர்த்துப் பழகியவர்கள் இந்தப் பாலைவனத் தேளுக்கும் தினந்தோறும் தண்ணீர் தெளிக்கிறார்கள். காற்றோட்டமில்லாத பெட்டியில் ஈரம் தங்கினால் பூஞ்சக்காளான் பிடிக்கிறது, உண்ணிகள் பெருகுகின்றன, தேளின் உடலில் கரும்புள்ளிகள் தோன்றிப் பரவுகின்றன. அதற்குப் பிறகு வைத்தியம் பார்ப்பது வீண் பிரயாசை.

இதற்குப் பயந்து வேறு சிலர் எதிர்த் திசையில் ஓடுகிறார்கள். "பாலைவனம்தானே, மணல் போதும்" என்று உதிரி மணலைக் கொட்டி, ஒரு சொட்டுத் தண்ணீரும் காட்டுவதில்லை. பாலைவனத்தைச் சினிமாவில் மட்டும் பார்த்தவர்களின் எண்ணம் இது! அரிஸோனாவின் தரை பெரும்பாலும் களிமண்ணும் மணலும் சரளையும் கலந்து இறுகிய தரை. தேள் அதில் ஆழமாக வளை தோண்டிப் பகலெல்லாம் உள்ளே கிடக்கும். மேலே அனல் பறந்தாலும் வளைக்குள் குளிர்ச்சியும் சிறிது ஈரமும் உண்டு. உதிரி மணலில் வளை நிற்காது. அடியில் ஈரமில்லாவிட்டால் இளம் தேள்கள் சட்டை உரிக்க முடியாமல் பாதியில் சிக்கி மடிகின்றன. வளர்ப்பில் இந்த ஜாதியைப் பெருக்குவது கடினமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை காட்டில் பிடிக்கப்பட்டவையே. பெட்டியில் ஒன்று செத்தால் பாலைவனத்திலிருந்து இன்னொன்று வர வேண்டும் என்பதை வாங்குகிறவர்கள் நினைப்பதில்லை.

செய்ய வேண்டியது பெரிய வித்தை அல்ல. மணலோடு களிமண்ணைக் கலந்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, 15 அல்லது 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு அழுத்தி, நன்றாகக் காயவிட வேண்டும். காயும் முன்னர் விரலால் ஒரு வளைக்கு வாய் போட்டுவிட்டால் மிச்சத்தைத் தேளே பார்த்துக்கொள்ளும். ஒரு மூலையில் அடிவரை செல்லும் குழாய் ஒன்றைச் செருகி, அதன் வழியே அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் விட்டால் அடிமண் ஈரமாகவும் மேல்மண் உலர்ந்தும் இருக்கும். எங்கே படுப்பது என்பதைத் தேள் தானே தேர்ந்துகொள்ளும். மூடியில் காற்றுத் துவாரங்கள் தாராளமாக இருக்கட்டும். கல் வைக்க விரும்புகிறவர்கள் அதைப் பெட்டியின் அடித்தட்டில் ஊன்றி, அதற்குப் பின்பே மண்ணிட வேண்டும். மண்மேல் வைத்த கல், தேள் கீழே தோண்டும்போது சரிந்து அதை நசுக்கிவிடும். வெப்பம் மேலிருந்தே வரவேண்டும். சூட்டுக்குத் தப்பக் கீழே தோண்டுவது அதன் சுபாவம். அடியில் சூட்டுத் தகடு வைத்தால் அந்தப் பிராணி எங்கே போகும்?

இவ்வளவையும் ஒரு துண்டுக் காகிதத்தில் அச்சிட்டு, பெட்டியோடு கொடுக்கக் கடைக்காரர்களுக்கு என்ன தடை? மணல் மூட்டையை விற்பதில் உள்ள அக்கறையில் பாதி இதில் இருந்தால் போதும்.

இரவில் கருநீல விளக்கொளியில் தேள் பச்சையாக ஒளிரும் அழகைப் பார்க்கவே பலர் இதை வாங்குகிறார்கள். சட்டை உரித்த புதிதில் அந்த ஒளி இராது. உடல் மெத்தென்று இருக்கும் அந்தச் சமயத்தில் உயிருள்ள பூச்சியை இரையாக உள்ளே விட்டால், இரையே தேளைக் கடித்துவிடக்கூடும். மேலோடு கெட்டிப்பட்டு, ஒளி திரும்பும்வரை பெட்டியைத் திறக்காமல் இருப்பதே நல்லது.