பொம்பளைங்க எப்போ சார் படம் எடுத்தாங்க?

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் கோபத்துல எழுதறது. ஆனா பேங்க்ல வேலை பாக்கறவன் கோபப்பட்டாலும் தேதி போட்டுத்தான் கோபப்படுவான். அதனால வருஷத்தோட எழுதியிருக்கேன், யார் வேணா சரிபார்த்துக்கலாம்.

விஷயம் இதுதான். இங்கே அந்தமான்ல நம்மாளுங்க நடத்துற ஒரு அமைப்பு (பேர் வேண்டாம், தினமும் முகத்தைப் பார்த்துக்கணும்), பொங்கலை ஒட்டி அஞ்சு நல்ல தமிழ்ப்படம் போடலாம்னு முடிவு பண்ணாங்க. பிள்ளைங்க பார்க்கணும், ஊரை விட்டு வந்ததுங்களுக்கு நம்ம சினிமான்னா என்னன்னு தெரியணும்னு நோக்கம். நல்ல நோக்கம். பட்டியலும் நல்ல பட்டியல்தான். ஆனா அஞ்சும் ஆம்பளைங்க எடுத்தது. "ஒரு பெண் இயக்குநர் படம் சேர்க்கலாமே"ன்னு கேட்டேன். ஒரு பெரியவர் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "பொம்பளைங்க எப்போ சார் படம் எடுத்தாங்க? எடுத்திருந்தா விமர்சகருங்க எழுதியிருக்க மாட்டாங்களா?"

அவர் மேல எனக்கு வருத்தமே இல்லை. அவர் படிச்சதைச் சொன்னார். நாற்பது வருஷமா அவருக்குப் படிக்கக் கொடுத்தவங்க மேலதான் எனக்குக் கோபம். இந்த விவகாரத்துல வழக்கமா மூணு சாக்கு சொல்லுவாங்க. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

*

சாக்கு 1: "அப்படி யாரும் இல்லையே!"

தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931. அதுல கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி. இதுவரைக்கும் எல்லா க்விஸ் புத்தகத்துலயும் இருக்கும். அடுத்த வரி இருக்காது. அதே ராஜலட்சுமி 1936-ல 'மிஸ் கமலா'ன்னு ஒரு படத்தை, தானே எழுதி, தயாரிச்சு, இயக்கி, நடிச்சிருக்காங்க. தமிழ் பேச ஆரம்பிச்சு அஞ்சே வருஷம்! தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர். அந்தப் படத்தோட பிரதி இன்னிக்கு நமக்குக் கிடைக்கல. ராண்டார் கை மாதிரி பழைய படங்களைத் தேடித் தேடி எழுதினவங்க இல்லேன்னா பேர் கூடக் கிடைச்சிருக்காது.

பானுமதி 1953-ல 'சண்டிராணி'யை தமிழ், தெலுங்கு, இந்தின்னு மூணு மொழியில இயக்கினாங்க. மூணு மொழிப்படத்தை இன்னிக்கு 'பான் இந்தியா'ன்னு போஸ்டர் அடிச்சுக் கொண்டாடறோம். எழுபது வருஷம் முன்னாடி ஒரு அம்மா செஞ்சப்போ அதுக்குப் பேரே இல்லை. பானுமதின்னா குரல், கம்பீரம், அந்தத் திமிரான கண்ணு. எல்லாம் சரி, இயக்கினது எங்கே?

சாவித்திரி இன்னும் மோசம். 1968-ல தெலுங்குல 'சின்னாரி பாப்பலு' எடுத்தாங்க. முக்கியமான பொறுப்புகள்ல பெண்களையே வெச்சு எடுத்த படம், இசை கூட பாடகி பி. லீலாதான். அதையே 1969-ல தமிழ்ல 'குழந்தை உள்ளம்'னு எடுத்தாங்க. 1971-ல சிவாஜியை வெச்சு 'பிராப்தம்'. இத்தனையும் நம்ம ஞாபகத்துல எப்படி இருக்கு? "சொந்தப்படம் எடுத்து அழிஞ்சா பாவம்." அவ்வளவுதான். சொந்தப்படம் எடுத்துக் கடனாளியான ஆம்பளை நடிகர், இயக்குநர் எத்தனை பேர்! அவங்களை 'சினிமாவுக்காக எல்லாத்தையும் இழந்த கலைஞன்'ங்கறோம். சாவித்திரியை மட்டும் 'பேராசைப்பட்டுக் கெட்டுப்போனவங்க' மாதிரி பேசறோம். ஒரே நஷ்டக் கணக்கு, ரெண்டு தலைப்பு. எங்க ஆடிட்டர் பார்த்தா கிழிச்சுடுவார்.

லட்சுமி 1980-ல 'மழலைப் பட்டாளம்', ஸ்ரீப்ரியா 1984-ல 'சாந்தி முகூர்த்தம்', சுஹாசினி 1995-ல 'இந்திரா', ஜானகி விஸ்வநாதன் 2001-ல 'குட்டி', ரேவதி 2002-ல 'மித்ர், மை ஃப்ரெண்ட்', ப்ரியா 2005-ல 'கண்ட நாள் முதல்'. இன்னும் எழுதிக்கிட்டே போகலாம். யாரும் இல்லையாம்!

*

சாக்கு 2: "பேர்தான் அவங்க பேர், எடுத்தது வேற ஆளு"

இதைச் சொல்லும்போது ஒரு கண்ணடிப்பும் கூட வரும். 'மழலைப் பட்டாளம்'னா "பாலசந்தர் மேற்பார்வை", 'இந்திரா'ன்னா "மணிரத்னம் எழுதினது".

சரி, 'இந்திரா'வுக்குத் திரைக்கதை மணிரத்னம்தான். இல்லைன்னு யார் சொன்னா? 'ரோஜா'வுக்கு வசனம் சுஜாதா. அதுக்காக 'ரோஜா'வை சுஜாதா படம்னு யாராவது சொல்றோமா? ஆம்பளைக்கு இன்னொருத்தர் எழுதிக் கொடுத்தா அது 'நல்ல கூட்டணி'. பொம்பளைக்கு எழுதிக் கொடுத்தா அது 'பினாமி'. ரெண்டு ஊர்ச் சாதிப்பகையை ஒரு பொண்ணோட கண்ணு வழியா சொன்ன படம் அது. அதுல ஒரு காட்சியை ஏன் அப்படி வெச்சாங்கன்னு யோசிக்கக்கூட விடாம, கணவர் பேரைச் சொல்லி ஃபைலை மூடியாச்சு.

எங்க தொழில்ல இதைத் தலைகீழா நான் தினமும் பார்க்கறேன். கடைக்குக் கடன் கேட்டு வருவாங்க. வீட்டுக்காரர் பேர்ல விண்ணப்பம். சரக்கு என்ன விலை, மாசம் எவ்வளவு விக்குது, யார் பாக்கின்னு கேட்டா அவர் வீட்டம்மா முகத்தைப் பார்ப்பார். எல்லாப் பதிலும் அந்தம்மாகிட்டருந்துதான் வரும், கையெழுத்து மட்டும் அவருது. ஆனா ஒரு பொண்ணு தன் பேர்ல விண்ணப்பம் போட்டா மட்டும் "உண்மையில யார் நடத்தறாங்க?"ன்னு கேள்வி வரும். சினிமா விமர்சகருங்களுக்கும் இதே வியாதிதான்.

*

சாக்கு 3: "எடுத்தாங்க, ஆனா நிக்கல"

இதுதான் எனக்கு ரொம்பக் கடுப்பு. 'நிக்கறது'ன்னா என்ன? படம் தியேட்டர்ல எத்தனை நாள் ஓடுச்சுங்கறதா? அப்போ 'அன்பே சிவம்' (2003) நிக்கக் கூடாது. 'ஹே ராம்' (2000) நிக்கக் கூடாது. 'ஆயிரத்தில் ஒருவன்' (2010) நிக்கவே கூடாது. மூணும் வந்தப்போ வசூல்ல சறுக்கின படங்கள். இன்னிக்கு மூணும் 'காலத்தை மிஞ்சின படம்'. எப்படி? எழுதினாங்க. திரும்பத் திரும்ப எழுதினாங்க. வருஷா வருஷம் "அன்னிக்கு நாம புரிஞ்சுக்கல"ன்னு கட்டுரை வந்துச்சு. நான் அதுக்கு விரோதி இல்லை, எனக்கும் 'அன்பே சிவம்' பிடிக்கும். கேள்வி ஒண்ணே ஒண்ணு: இந்த மறுவாசிப்பு பாக்கியம் 'குட்டி'க்கு ஏன் கிடைக்கல?

பார்க்காதவங்களுக்கு: கிராமத்துலருந்து சென்னைக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்படற ஒரு சின்னப் பொண்ணு. சிவசங்கரி எழுதின கதை, இளையராஜா இசை. அந்தக் குழந்தையா நடிச்ச ஸ்வேதாவுக்கு தேசிய விருது. படத்துல கத்தற வில்லன் கிடையாது. நம்மளை மாதிரி நல்லவங்க, படிச்சவங்க வீடுதான். அதனாலதான் வலிக்கும். கடைசி அஞ்சு நிமிஷத்தைப் பார்த்துட்டு அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுல யாரும் சரியா சாப்பிடல. இப்படி ஒரு படம் வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. 'தமிழின் சிறந்த படங்கள்'னு சுத்தி வர்ற எந்தப் பட்டியல்லயாவது பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததில்லை.

இன்னொரு கணக்கு போட்டுப் பாருங்க. சுதா கொங்கராவோட 'துரோகி' 2010-ல ஓடல. அடுத்த தமிழ்ப்படம் 'இறுதிச்சுற்று' 2016. ஆறு வருஷம்! ப்ரியாவோட 'கண்ணாமூச்சி ஏனடா' 2007, அப்புறம் 'அனந்தம்' வெப் சீரிஸ் 2022. நந்தினியோட 'திரு திரு துறு துறு' 2009, அப்புறம் 'இன்ஸ்பெக்டர் ரிஷி' 2024. பதினஞ்சு பதினஞ்சு வருஷம். ஒரு படம் சறுக்கின ஆம்பளை இயக்குநருக்கு அடுத்த வருஷமே பூஜை போட்டு போட்டோ வரும். "திறமையான ஆளு, இந்தத் தடவை மிஸ் ஆயிடுச்சு"ன்னு எழுத நாலு பேர் இருப்பாங்க. அந்த நாலு பேர் எழுதறதுதான் தயாரிப்பாளருக்குத் தெம்பு. கடன் கொடுக்கறவனுக்கு 'மார்க்கெட்ல பேர் எப்படி'ங்கறது முக்கியம், இது எனக்கு நல்லாவே தெரியும். விமர்சகர் பேனா மூடியே இருந்தா, பேரும் இல்லை, பணமும் இல்லை. அப்புறம் "பெண் இயக்குநர்கள் ஏன் ஒரு படத்தோட காணாமப் போறாங்க?"ன்னு மகளிர் தினத்துக்கு மட்டும் ஒரு கட்டுரை!

ஜெயிச்சா மட்டும் என்ன? 'சூரரைப் போற்று' (2020) சிறந்த படம், சிறந்த திரைக்கதை உட்பட அஞ்சு தேசிய விருது வாங்குச்சு. அதுக்கு நான் கேட்ட பாராட்டு: "பொம்பளை எடுத்த மாதிரியே தெரியல." இதைப் பாராட்டுன்னு நினைச்சுத்தான் சொல்றாங்க. என்னத்த சொல்ல!

*

"அப்போ பொம்பளை எடுத்தா எல்லாம் நல்ல படமா?"ன்னு கேட்க வருவீங்க. இல்லைங்க. மேல சொன்னவங்க எடுத்ததுலயும் சுமாரான படம் இருக்கு, ஒண்ணு ரெண்டு மொக்கையும் இருக்கு. ஆம்பளைங்க எடுத்த மொக்கையை எண்ண ஆரம்பிச்சா எங்க பிராஞ்ச் லெட்ஜர் பத்தாது. நான் கேக்கறது சலுகை இல்லை. பார்த்துட்டு மோசம்னு எழுதுங்க, சந்தோஷம். பார்க்காமலே 'இல்லை'ன்னு எழுதாதீங்க.

"தரம்தான் அளவுகோல், ஆண் பெண் பேதம் இல்லை"ங்கறவங்களுக்கு ஒரு தகவல். பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை பத்து வருஷத்துக்கு ஒரு தடவை உலக விமர்சகர்களைக் கேட்டு சிறந்த படங்கள் பட்டியல் போடும். 2022-ல முதலிடம் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஷான்டல் ஆக்கர்மன் 1975-ல எடுத்த 'ஷான் தீல்மான்'. வீட்டு வேலை செய்யற ஒரு அம்மாவோட மூணு நாள், அவ்வளவுதான் படம். 2012 பட்டியல்ல அது முதல் முப்பதுலகூட இல்லை. பத்து வருஷத்துல படத்துல ஒரு ஃபிரேம் மாறல. ஓட்டு போட்டவங்க மாறினாங்க. கூடுதலான, பலதரப்பட்ட ஆளுங்களைக் கேட்டாங்க. அப்போ 'தரம்'ங்கறது யார்கிட்ட கேக்கறோம்ங்கறதைப் பொறுத்ததும்தானே?

*

இதெல்லாம் கடல் கடந்து உக்காந்திருக்கற நமக்கு எதுக்குன்னு தோணலாம். நமக்குத்தான் முக்கியம்னு சொல்லுவேன்.

சென்னையில வளர்ற பிள்ளைக்கு தமிழ்நாடு ஜன்னலுக்கு வெளியே இருக்கு. இங்கே வளர்ற பிள்ளைக்கு அது பெரும்பாலும் திரையிலதான் இருக்கு. நாம எதைப் போட்டுக் காட்டறோமோ அதுதான் அவங்களோட ஊர். நாம காட்டற ஊர்ல பொண்ணுங்க காதலிக்கப்படறாங்க, கடத்தப்படறாங்க, காப்பாத்தப்படறாங்க. கதை சொல்றது மட்டும் எப்பவும் வேற ஆளு. என் பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்கறா, போன்லயே குட்டிக்குட்டியா படம் எடுக்கறா. "நம்ம ஊர்ல யாராவது பொண்ணுங்க டைரக்டர் ஆயிருக்காங்களாப்பா?"ன்னு அவ கேட்டா, 1936-லருந்து இருக்காங்கம்மான்னு சொல்ல என்கிட்ட பதில் இருக்கு. எத்தனை அப்பாங்ககிட்ட இருக்கு?

அப்புறம், நம்ம கதையையே எடுத்தவங்களை நாமே விட்டுட்டோம். 'மித்ர்' யாரைப் பத்தின படம்? சிதம்பரத்துலருந்து கல்யாணமாகி அமெரிக்கா போற பொண்ணு. வீட்டுக்காரருக்கு ஆபீஸ், மகளுக்கு அவ உலகம், இவளுக்கு சமையலறையும் இன்டர்நெட் சாட்டும். ரேவதி, தொழில்நுட்பத்துல பெண்களையே வெச்சு எடுத்தாங்க. சிறந்த ஆங்கிலப் படம்னும், ஷோபனாவுக்கு சிறந்த நடிகைன்னும் தேசிய விருது வந்துச்சு. ஊரை விட்டு வந்த நம்ம வீட்டம்மாக்களைப் பத்தி இவ்வளவு நெருக்கமா வந்த படம் எனக்குத் தெரிஞ்சு குறைவு. நம்ம சங்கங்கள்ல இதை எத்தனை பேர் திரையிட்டிருக்கோம்?

முன்னெல்லாம் நமக்கு ஒரு நியாயமான காரணம் இருந்துச்சு. ஊர்லருந்து வர்றவர் பென் டிரைவ்ல என்ன கொண்டு வர்றாரோ அதுதான் படம். கப்பல்ல மூணு நாள் பயணம் பண்ணி வர்றவர் 'குட்டி'யவா கொண்டு வருவார்? சாட்டிலைட் இன்டர்நெட்ல ஒரு பாட்டு பார்க்கறதுக்குள்ள காபி ஆறிடும். 2020 ஆகஸ்டுல சென்னையிலருந்து கடலுக்கடியில கேபிள் வந்தாச்சு. இனி அந்தச் சாக்கும் செல்லாது.

அதனால இந்த வருஷம் உங்க வீட்டுலயோ சங்கத்துலயோ படம் போடறதா இருந்தா, என் சிபாரிசு அஞ்சு:

1. 'குட்டி' (2001), ஜானகி விஸ்வநாதன். வீட்டுல வேலைக்கு ஆள் வெச்சிருக்கற எல்லாரும் பார்க்கணும்.

2. 'மித்ர், மை ஃப்ரெண்ட்' (2002), ரேவதி. கணவன் மனைவி சேர்ந்து உக்காந்து பாருங்க.

3. 'ஆரோகணம்' (2012), லட்சுமி ராமகிருஷ்ணன். காய்கறி விக்கற ஒரு அம்மாவோட மனநோயைக் கேலி பண்ணாம, பயமுறுத்தாம சொன்ன படம். விஜி சந்திரசேகர் நடிப்பைப் பத்தி இன்னும் நிறைய எழுதியிருக்கணும்.

4. 'கே.டி.' (2019), மதுமிதா. பெத்த பிள்ளைங்களே தலைக்கூத்தல் பண்ணப் பார்க்க, தப்பிச்சு ஓடற ஒரு தாத்தாவும் ஒரு பொடியனும். மு. ராமசாமியோட பிரியாணி ஆசைக்காகவே பார்க்கலாம். ஊர்ல அப்பா அம்மாவைத் தனியா விட்டுட்டு வந்திருக்கற நமக்கு நடுவுல எங்கேயோ குத்தும்.

5. 'செங்கடல்' (2011), லீனா மணிமேகலை. தனுஷ்கோடி மீனவர்களும் ஈழத்து அகதிகளும். சென்சார்ல முதல்ல மறுத்து, மேல்முறையீடு பண்ணி வெளியே வந்த படம். கடலைப் பார்த்துக்கிட்டே வாழற நம்மளுக்கு இது அந்நியமா இருக்காது.

ஹலிதா ஷமீமோட 'சில்லுக் கருப்பட்டி'யை (2019) ஆறாவதா வெச்சுக்கோங்க, அது எப்படியும் எல்லாருக்கும் பிடிக்கும்.

விமர்சகருங்க எழுதுவாங்கன்னு காத்துக்கிட்டிருக்க வேண்டாம். படம் உயிரோட இருக்கறது யாராவது பார்த்துக்கிட்டும் பேசிக்கிட்டும் இருக்கறதாலதான். பார்க்க ஆளில்லாத படத்தோட பிரதியை யாரும் பத்திரப்படுத்த மாட்டாங்க. 'மிஸ் கமலா'வை இனி நான் ஆசைப்பட்டாலும் என் பொண்ணுக்குப் போட்டுக் காட்ட முடியாது. 'குட்டி'க்கும் அந்த கதி வரக்கூடாது.