“பிளேட் போச்சு சார்”

கிளட்ச் தகராறு என்று சொன்னால் போதும், மெக்கானிக் வாயில் வரும் முதல் வார்த்தை இதுதான். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலைக்கு வருகிறவன் அதை நம்பத்தான் செய்வான். நானும் நம்பினேன், இரண்டு தடவை. கழற்றிய இரண்டு பிளேட்டும் வளப்பூர் நாட்டில் என் வீட்டுத் திண்ணையில் கிடக்கின்றன, பாதிகூடத் தேயாமல்.

என்னுடையது பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி. இங்கிலாந்தில் இதன் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-ல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அந்த உறவைச் சொல்லி, “ஸ்பிட்ஃபயர் கிளட்ச் செட் வரவழைங்க, அப்படியே உட்காரும்” என்பார்கள் நகரத்துக் கார்ப் பிரியர்கள். பாதி உண்மை. முன்னால் வந்தவற்றில் கவர் சுருள் ஸ்பிரிங் வகை, பின்னால் வந்தவற்றில் டயஃப்ரம். ஒன்றின் கவருக்கு இன்னொன்றின் பேரிங்கைப் போட்டால் நடப்பது வேறு.

கிளட்ச் நழுவினால் இன்ஜின் அலறும், வண்டி ஏறாது, தீய்ந்த நாற்றம் வரும். என் வண்டி ஜோராக ஏறியது. ரிவர்ஸ் போடும்போதுதான் கரகரவென்று கடித்தது. அதாவது கிளட்ச் முழுதாக விடவில்லை. ஒருத்தர் பெடலை மிதிக்க, இன்னொருத்தர் கீழே படுத்து ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். யாரும் பார்க்கவில்லை. கியர்பாக்ஸை இறக்கினார்கள். ஹெரால்டில் அது காருக்கு உள்ளே வழியாகத்தான் வெளியே வரும். சீட்டு, தரைவிரிப்பு எல்லாம் முற்றத்தில்.

கடைசியில் நானே அளந்தேன். எப்போதோ ஒரு பட்டறையில் வேறு வண்டியின் ஸ்லேவ் சிலிண்டரை மாட்டியிருக்கிறார்கள். 7/8 அங்குலத் துளைக்குப் பதில் 1 அங்குலம். மிதித்தால் போகும் எண்ணெய் அதே அளவுதான். துளை பெருத்ததால் தண்டின் நகர்வு கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துவிட்டது. அன்று பெடல் பூப்போல இருக்கிறதென்று நான் டீ வேறு வாங்கிக் கொடுத்தேன்!

கலந்து மாட்டுவதை நான் குறை சொல்லவில்லை. கிடைத்ததைப் போடாமல் மலையில் பழைய வண்டி ஓடாது. போட்டதைச் சொல்லிவிட்டுப் போங்கய்யா என்கிறேன். பில்லில் “கிளட்ச் வேலை” என்று ஒரே வரி எழுதினால் அடுத்து வருகிறவன் எதைக் கண்டுபிடிப்பான்?

சரியான சிலிண்டர் மாட்டியாகிவிட்டது. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. பெடல் கனத்துவிட்டதென்று வீட்டம்மாவுக்குத்தான் கோபம்.