பறைக்குப் பள்ளியில் இடமில்லையா?

தோற்கருவி முழங்காத விழா தமிழர்க்கு என்றும் இருந்ததில்லை. திருமணத்திற்கும் திருவிழாவிற்கும், உழவிற்கும் போருக்கும், இறுதி ஊர்வலத்திற்கும் தோல் அதிர்ந்தது. நிலத்தின் கருப்பொருள்களை வகுத்த தொல்காப்பியர், தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் ஒருங்கே வைத்தார். ஒவ்வொரு நிலத்திற்கும் தனிப்பறை உண்டு என்பது அதன் பொருள். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என இலக்கண நூலார் பெயரும் குறித்தனர். சிலப்பதிகாரத்துக் குன்றக்குரவையில் மலைமக்கள் தெய்வத்தைப் போற்ற எழும்போது தொண்டகமும் சிறுபறையும் ஒலிக்கின்றன.

இவையெல்லாம் வகுப்பறையில் கற்பிக்கப்படுகின்றன. இலக்கியம் பயிலும் மாணவனும், ஆசிரியர் பயிற்சி பெறும் இளைஞனும் குறிஞ்சிக்குரிய பறை யாது என்ற வினாவிற்குத் தவறின்றி விடை எழுதுகின்றனர். ஆனால், அவர்கள் பிறந்து வளர்ந்த குறிஞ்சி நிலத்திலே, அவர்தம் பாட்டனார் அடித்த பறை எங்கே போயிற்று என்று வினவுவார் இலர். ஏட்டுப் பறைக்கு மதிப்பெண். வீட்டுப் பறைக்கு வெட்கம்! இந்த இரட்டை வாழ்க்கையைத் தமிழ்க்கல்வி இன்னும் எத்தனை காலம் சுமக்கப் போகிறது?

பகாங் மாநிலத்துக் கேமரன் மலை மெய்யாகவே குறிஞ்சி நிலம். 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளரின் குறிப்பால் வெளியுலகம் அறிந்த அம்மலையில், 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் எழுந்தது. பனி படிந்த அச்சரிவுகளில் கூடை சுமந்து கொழுந்து கிள்ளியவருள் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் கொண்டுவந்த செல்வம் மிகச் சிறிது. அச்சிறிய செல்வத்துள் தப்பு என்று தோட்டத்தார் வழங்கும் பறையும், உறுமியும், பம்பையும், உடுக்கையும் அடங்கும். மாரியம்மன் திருவிழாவில் கரகம் எடுத்தவர்க்கும், காவடி சுமந்தவர்க்கும், தீமிதித்தவர்க்கும் அக்கருவிகளே துணை நின்றன.

அக்கருவிகளின் நுட்பத்தை அறியாதவரே அவற்றை எளிதில் இகழ்வர். மூன்று மரத்துண்டுகளை வட்டமாகப் பொருத்தி, ஒரு முகத்தில் மட்டும் தோலை இழுத்து ஒட்டினால் பறை பிறக்கும். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. இடக்கையில் மெல்லிய நீண்ட சிம்புக்குச்சி. முன்னது ஆழ்ந்த ஒலியையும் பின்னது கூர்ந்த ஒலியையும் தரும். ஈரம் ஏறினால் தோல் தளரும், ஒலி மங்கும். ஆதலின் அடிப்பதற்கு முன் வைக்கோலோ சருகோ கொளுத்தி அத்தீயில் வாட்டுவர். சமவெளியிலேயே இத்தேவை உண்டென்றால், மழையும் மூடுபனியும் நீங்காத மலையில் அதன் கடுமையைச் சொல்ல வேண்டா. எவ்வளவு வாட்டினால் தோல் பதமாகும், எக்கணத்தில் கருகும் என்பதைக் கையும் காதும் மட்டுமே அறியும். உறுமியோ இருமுகக் கருவி. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து உறுமல் எழுப்பி, மறுமுகத்தை அடித்துத் தாளம் காட்டுவர். இந்த அறிவு எந்த நூலிலும் முழுமையாக இல்லை. முதியவர் கையிலிருந்து இளையவர் கைக்கு மாற வேண்டிய அறிவு அது.

அக்கைகள் இன்று அருகி வருகின்றன. தமிழ்க் குடும்பங்கள் பல மலையை விட்டு இறங்கிவிட்டன. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் கொழுந்து பறிக்கின்றனர். ஆயினும் தானா ராத்தா, ரிங்லெட், போ, சுங்கை பாலாஸ், புளூவேலி ஆகிய இடங்களில் தமிழ்ப்பள்ளிகள் எழுப்பப்பட்டன. லயங்கள் காலியாகும்போது பாட்டாளிகளின் நினைவைக் காக்கவல்ல இடம் பள்ளி ஒன்றே. அத்தகைய பள்ளியின் கலைவிழாவில் கேட்பது என்ன? ஒலிபெருக்கியில் திரைப்பாடல், மேடையில் அதற்கேற்ற அங்க அசைவு. கருவியைத் தொட்ட பிள்ளை ஒருவனும் இல்லை. பறையடிக்கும் முதியவர் பார்வையாளர் வரிசையின் கடைசியில் அமர்ந்து கைதட்டிவிட்டு வீடு திரும்புகிறார்.

இதனைச் சுட்டிக்காட்டினால் மூன்று மறுப்புகள் எழும்.

முதல் மறுப்பு, பறை சாவுக்குரியது, சாதி இழிவைச் சுமந்தது என்பது. இதனை எளிதாகத் தள்ளிவிடலாகாது. தமிழகத்தில் ஒரு மக்கட்பிரிவினர் ஆதிக்கச் சாதியினரின் இழவு வீட்டில் பறையடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டனர். அவர்களுள் பலர் பறையை உதறி எழுந்தனர். அந்த மறுப்பு அறத்தின்பாற்பட்டது. ஆயினும், அவர்கள் உதறியது அடிமைத்தனத்தையா, கலையையா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதே மக்களின் வழிவந்தோர் பறையை விடுதலைக் கருவியாக மீண்டும் கையிலெடுத்தனர். திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையேந்தி மேடையேறினர். 2025இல் மதுரை வட்டாரத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மசிறீ விருது வழங்கியது. ஒரு பிரிவினரின் தலையில் மட்டும் சுமத்தியபோதுதான் பறை இழிவாயிற்று. எல்லாப் பிள்ளைகளும் விரும்பி ஏந்தும் நாளில் இழிவு எங்கே தங்கும்? இழிவை அஞ்சிப் பறையை ஒளிப்பவர், இழிவு கற்பித்தவரின் கூற்றையே ஒப்புக்கொள்கின்றனர்.

பஞ்சாபியர் வரலாறு இங்குப் பாடமாகத் தக்கது. அவர்தம் டோல் என்னும் பெருமுழவையும் ஒரு தடித்த குச்சியாலும் ஒரு மெல்லிய குச்சியாலும் அடிப்பர். பறையின் குச்சிகளைப் போன்றே ஒன்று ஆழ்ந்த ஒலிக்கும் மற்றொன்று கூர்ந்த ஒலிக்கும் உரியது. அதனை மரபாக வாசித்தோர் பாசிகர், மிராசி முதலிய, சமூகத்தில் தாழ்வாக நடத்தப்பட்ட பிரிவினர். 1947இல் நாடு பிளவுற்று மக்கள் இடம்பெயர்ந்து நொந்திருந்த சூழலில், 1950களில் பாங்ரா ஆட்டம் மேடைக் கலையாக உருப்பெற்றது. அதற்கு டோல் வாசித்த சுனாம் ஊர் பானா ராம் பாசிகர் குலத்தவர். ஆடியவர்களுள் கல்லூரி மாணவர் பலர். பின்னர் இங்கிலாந்தில் குடியேறிய பஞ்சாபியர் அவ்விசையை உலகறியச் செய்தனர். வாசித்தவரின் தாழ்வு முற்றும் நீங்கிற்று என்று சொல்வதற்கில்லை. எனினும் பஞ்சாபியர் எவரும் இன்று டோல் ஒலிக்க வெட்கப்படுவதில்லை. 1873இல் காப்டன் ஸ்பீடியோடு பேராக் மண்ணுக்கு வந்த காவலர்களின் இனம், மலையடிவாரத்து ஈப்போவிலும் திருமணத்தில் டோலுக்கு ஆடுகிறது. மலைமேல் வாழும் தமிழரோ தம் பறையை வாசலுக்கு வெளியே நிறுத்துகின்றனர்.

இரண்டாம் மறுப்பு, உறுமிக் குழுக்கள் கும்பல் பூசலுக்கும் மதுவுக்கும் இடமாகின்றன என்பது. சில இடங்களில் அவ்வாறு நேர்ந்திருக்கலாம். அதற்குக் காரணம் கருவியா? பள்ளி கதவடைத்தது, கருவி தெருவுக்குப் போயிற்று. ஆசிரியர் கைவிட்ட பிள்ளையைத் தெரு தத்தெடுத்தது. பின்னர்த் தெருவைப் பழிப்பதில் என்ன நேர்மை உண்டு?

மூன்றாம் மறுப்பு, தேர்வு நெருக்கடியில் நேரமில்லை என்பது. யு.பி.எஸ்.ஆர். தேர்வே 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. நேரமில்லை என்போர் அண்டை இனத்தாரைச் சற்றே நோக்குக. மலாய்க்காரரின் கொம்பாங், பறையைப் போன்றே ஒருமுகத் தோற்கருவி. அது மணமகனை அழைத்து வருகிறது, அமைச்சரை வரவேற்கிறது, பள்ளி மாணவர் கையில் பெருமையோடு இருக்கிறது. சீனரோ புதியதொரு மரபையே படைத்தனர். 1988இல் ஜொகூர் பாருவின் பூன் யூ உயர்நிலைப்பள்ளியில் இருபத்து நான்கு பருவ முரசுகள் என்னும் கலை உருவாயிற்று. சீன நாட்காட்டியின் இருபத்து நான்கு பருவங்களின் பெயர்களை ஒவ்வொரு முரசின்மேலும் எழுதி, மாணவர் கூடி முழக்கினர். 2009இல் அது மலேசிய நாட்டின் மரபுச் செல்வமாக ஏற்கப்பட்டது. அக்கலை பிறந்த இடம் அரண்மனையன்று, பெருஞ்செல்வர் மாளிகையன்று, ஒரு பள்ளிக்கூடம்!

பருவத்திற்கொரு முரசு அமைத்துப் பெருமை கொள்கிறது ஓர் இனம். நிலத்திற்கொரு பறை என்று முன்னமே வகுத்த இனமோ கைகட்டி நிற்கிறது. இதனினும் இரங்கத்தக்கது யாது?

செய்ய வேண்டுவன அரியன அல்ல. கேமரன் மலைத் தமிழ்ப்பள்ளிகள் புறப்பாட நடவடிக்கையில் பறைக்கு வாரம் ஒரு மணி ஒதுக்கலாம். எஞ்சியுள்ள முதிய கலைஞரைத் தோட்டத்திலிருந்து அழைத்து, ஆசிரியர் என்ற பெயரோடும் உரிய ஊதியத்தோடும் அமர்த்தலாம். ஆணும் பெண்ணும் சாதி வேறுபாடின்றிக் குச்சி பிடிக்கலாம். அடிகளின் பெயர்களையும் சொற்கட்டுகளையும் மாணவரே எழுதித் தொகுக்கலாம். இலங்கை மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார். அவர் தொகுத்திராவிடின் பல பாடல்கள் பாடியவரோடே மறைந்திருக்கும். அத்தகைய தொண்டுக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் துணைநிற்க வேண்டும். ஆசிரியர் பயிற்சி பெறுவோர் பறையின் வரலாற்றை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், ஒரு முறையேனும் அதன் தோலைத் தீயில் வாட்டிப் பழக வேண்டும்.

தேயிலைச் செடி கவாத்துச் செய்தால் மீண்டும் தளிர்க்கும். வேரோடு பிடுங்கினால் தளிர்க்காது. கலையும் அவ்வாறே. தோட்டத்துப் பறையின் வேர் இன்னும் சில முதியவர்களின் கையில் உயிரோடு இருக்கிறது. அக்கை ஓய்ந்தபின் தொண்டகப்பறைக்குப் பொருள் கூறும் ஆசிரியர், மாணவன் முகத்தை எவ்வாறு நிமிர்ந்து நோக்குவார்?